அடிமை ஒருவர், கண்ணாடி தேய்த்தவர் ஒருவர்

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, சி.என்.சி. இயந்திரங்களைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றுதான் முதலில் சொன்னேன். அதே தலைப்பில் ஏற்கெனவே நான்கு பேர் கொடுத்துவிட்டார்களாம். "வேற ஏதாவது எழுதுடா" என்று மலர்க் குழு அண்ணன் சொல்லிவிட்டார். வேறு என்றால் எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். தத்துவம் என்றவுடன் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் வரும் இரண்டு பேரில் ஒருவர் அடிமையாக இருந்தவர். இன்னொருவர் நம்மைப் போல ஒர்க்‌ஷாப்பில் கை கறுத்தவர். இருவருக்கும் இடையே சுமார் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள்.

இவர்களிடம் நான் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஒரு ரைஸ் மில்லில் வேலை பார்த்தார். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் அவருடைய சட்டைக் கை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. பெல்ட் இழுத்துக்கொண்டு போய்ப் புல்லியில் விட்டது. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் அம்மா "எல்லாம் தலையெழுத்து" என்று அழுதாள். மில்காரர் வந்து பார்த்து, "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமேப்பா" என்றார். பெரியப்பா மட்டும் "நடந்தது நடந்துபோச்சு, இனிமே ஆக வேண்டியதைப் பாரு" என்றார். அப்பா எதுவும் சொல்லவில்லை.

இந்த மூன்று பேச்சும் என் மண்டைக்குள்ளேயே இருந்தன. இங்கே சேர்ந்த முதலாம் ஆண்டில், ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் ஒரு பழைய மெஷினைக் காட்டி, "இதுதான் பெல்ட் கார்டு. இது இல்லாம மெஷினை ஓட்டக் கூடாது" என்றார். மெல்லிய தகடு, நான்கு போல்ட்டு. அவ்வளவுதான். அன்று ராத்திரி ஹாஸ்டலில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு அப்புறம்தான் மாவட்ட மைய நூலகத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன். அங்கே கிடைத்தவர்கள்தான் எபிக்டீடஸும் ஸ்பினோசாவும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்ததால் சில இடங்களை நான்கு தடவை படிக்க வேண்டியிருந்தது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எபிக்டீடஸ். இவர் கி.பி. 50 வாக்கில் ஹையராபோலிஸ் என்ற ஊரில் பிறந்தவர். இன்றைய துருக்கியில் பாமுக்கலே என்று சொல்கிறார்களே, அந்த இடம். ரோமாபுரியில் எபாஃப்ரோடிடஸ் என்பவருக்கு அடிமையாக இருந்தார். அந்த எஜமானரே ஒரு காலத்தில் அடிமையாக இருந்து விடுதலை பெற்று, நீரோ மன்னனிடம் பெரிய பதவியில் இருந்தவர். எபிக்டீடஸ் என்ற பெயருக்கே 'வாங்கிச் சேர்த்தது' என்பதுபோலத்தான் பொருளாம். ஆடு மாட்டுக்குக்கூட நாம் இதைவிட நல்ல பெயர் வைப்போம்.

அவருக்கு ஒரு கால் ஊனம். எஜமானர் காலை முறுக்கியபோது, "இப்படி முறுக்கினால் ஒடிந்துவிடும்" என்று அமைதியாகச் சொன்னார், ஒடிந்த பிறகு "நான்தான் சொன்னேனே" என்றார் என்று ஒரு கதை உண்டு. சிறு வயதிலிருந்தே அப்படித்தான் என்று சொல்பவர்களும் உண்டு. கதையை விட்டுவிடுவோம். அடிமையாக இருந்தபோதே மியூசோனியஸ் ரூஃபஸ் என்ற ஆசிரியரிடம் பாடம் கேட்டார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பிற்பாடு விடுதலை பெற்றுத் தானே ஆசிரியரானார். டொமிஷியன் மன்னன் தத்துவவாதிகளை எல்லாம் ரோமாபுரியை விட்டுத் துரத்தியபோது, கிரேக்க நாட்டு நிகோபோலிஸ் நகருக்குப் போய் அங்கே பள்ளி நடத்தினார். அவர் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. ஆர்ரியன் என்ற மாணவர் வகுப்பில் எடுத்த நோட்ஸ்தான் இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. எட்டுப் பகுதிகளில் நான்குதான் மிச்சம். அதிலிருந்து சுருக்கிச் செய்த கைப்பிரதி நூல் ஒன்றும் உண்டு. நண்பர்களே, நோட்ஸ் எடுக்காமல் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் ஆர்ரியனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அவர் சொன்னதில் அடிப்படை ஒன்றுதான். உலகத்தில் உள்ளதை இரண்டாகப் பிரித்துக்கொள். உன் கையில் இருப்பது ஒன்று, இல்லாதது இன்னொன்று. உடம்பு, சொத்து, பதவி, ஊரார் நம்மைப் பற்றி நினைப்பது எல்லாம் இரண்டாவது பக்கம். நம்முடைய எண்ணம், விருப்பம், வெறுப்பு, முடிவு இவை மட்டும் முதல் பக்கம். இந்த முதல் பக்கத்தில் கடவுளே வந்தாலும் தலையிட முடியாது என்று சொல்லும் அளவுக்குப் போகிறார். உடம்பே நம்முடையது இல்லை என்பதைக் கால் ஊனமான ஒரு முன்னாள் அடிமை சொல்லும்போது அதற்குத் தனி கனம் வந்துவிடுகிறது. ஏ.சி. அறையில் உட்கார்ந்து சொல்பவர் சொன்னால் நான் கேட்டிருக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் தினசரி வாழ்க்கையை வைத்தே விளக்குகிறார். பொதுக் குளியல் கூடத்துக்குப் போகிறாயா? அங்கே தண்ணீர் தெறிப்பார்கள், தள்ளுவார்கள், திட்டுவார்கள், திருடுவார்கள். இதையெல்லாம் முன்கூட்டியே நினைத்துக்கொண்டு போ என்கிறார். நம் ஹாஸ்டல் குழாயடிக்கு அப்படியே பொருந்தும். அவர் வீட்டில் சாமி விளக்கு ஒன்று இரும்பில் இருந்தது. ஒரு நாள் திருடன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாளைக்கு மண் விளக்கு வாங்கிக்கொண்டால் போச்சு என்று விட்டுவிட்டார். அவர் இறந்த பிறகு அவருடைய மண் விளக்கை ஒருவர் 3000 திராக்மா கொடுத்து வாங்கினாராம். விளக்கை வாங்கினால் ஞானம் வந்துவிடும் என்று நினைத்தார் போலும் என்று லூசியன் என்ற எழுத்தாளர் கிண்டல் செய்திருக்கிறார்.

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்பதற்கு நம் காலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. 1965-ல் வியட்நாம் போரில் ஜேம்ஸ் ஸ்டாக்டேல் என்ற அமெரிக்க விமானியைச் சுட்டு வீழ்த்தினார்கள். கால் முறிந்து ஏழு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தார். சித்திரவதையைத் தாங்க உதவியது கல்லூரியில் படித்த எபிக்டீடஸ்தான் என்று திரும்பி வந்து எழுதினார். அந்தப் போர் சரியா தப்பா என்பது வேறு பேச்சு.

எனக்கு முதலில் இவரைத்தான் பிடித்தது. ஏனென்றால் என் அப்பா செய்தது இதைத்தான். விரல் போனது கையில் இல்லாத விஷயம். இடது கையால் சாப்பிடப் பழகியது, சவரம் செய்யப் பழகியது, கையெழுத்துப் போடப் பழகியது இதெல்லாம் அவர் கையில் இருந்தது. இந்தப் பாலிடெக்னிக் விண்ணப்பப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் இருப்பது இடது கைக் கையெழுத்து. எபிக்டீடஸ் என்ற பெயரையே கேள்விப்படாத மனிதர் அவர்.

ஆனால் படிக்கப் படிக்க ஓர் இடத்தில் எனக்கு இடித்தது. வீட்டில் உள்ள அடிமையும் உன் சகோதரன்தான், அவனும் கடவுளின் பிள்ளைதான் என்று எஜமானர்களுக்குச் சொல்கிறார். ரொம்ப உயர்ந்த பேச்சு. ஆனால் அடிமை முறையே இருக்கக் கூடாது என்று ஓரிடத்திலும் சொல்வதாக நான் பார்த்த வரையில் இல்லை. பெல்ட் கார்டு யார் போட வேண்டும் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. விரல் போன பிறகு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத்தான் பதில் இருக்கிறது. மில்காரர்களுக்கு இது ரொம்ப வசதி என்று எனக்குப் பட்டது. அவர்மேல் கோபம்கூட வந்தது. அடிமையாக இருந்தவருக்கு மாற்ற முடிந்தது தன்னை மட்டும்தானோ என்று பிறகு நினைத்துச் சமாதானம் ஆனேன். முழுச் சமாதானம் இல்லை.

இப்போது ஸ்பினோசா. 1632 நவம்பர் 24-ல் ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாமில், போர்த்துகலில் இருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா வியாபாரி. 23 வயதில், 1656 ஜூலை 27 அன்று, இவருடைய கருத்துகளுக்காக யூத சமூகம் இவரைத் தள்ளி வைத்தது. யாரும் பேசக் கூடாது, ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது, எழுதியதைப் படிக்கக் கூடாது. ஊர்விலக்கு என்றால் என்னவென்று கிராமத்திலிருந்து வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்கு அப்புறம் பிழைப்புக்கு அவருக்குக் கை கொடுத்தது லென்ஸ் தேய்க்கும் தொழில். தொலைநோக்கிக்கும் நுண்ணோக்கிக்கும் வேண்டிய கண்ணாடி. குழிவான உலோகத் தட்டில் தேய்ப்புப் பொடியைப் போட்டு, கண்ணாடியை அழுத்திச் சுழற்றிச் சுழற்றி வளைவு கொண்டுவர வேண்டும். பிறகு பாலிஷ். நம் கிரைண்டிங் வேலைதான், ஆனால் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் எல்லாம் வீண். ஊசல் கடிகாரம் செய்த ஹைகென்ஸ், நாம் இயற்பியலில் படிக்கும் அதே ஹைகென்ஸ், இவருடைய லென்ஸ்களைத் தன் சகோதரருக்கு எழுதிய கடிதங்களில் பாராட்டியிருக்கிறார். அதே ஹைகென்ஸ் லென்ஸ் தேய்க்க ஒரு இயந்திரம் செய்தபோது, கோள வளைவுக்கு எந்த இயந்திரத்தையும்விடக் கைதான் நல்லது என்று ஸ்பினோசா கடிதத்தில் எழுதினார். எங்கள் ஃபிட்டிங் ஷாப் இன்ஸ்ட்ரக்டர் கேட்டால் சந்தோஷப்படுவார்.

1673-ல் ஹெய்டல்பர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் வேலைக்குக் கூப்பிட்டது. சுதந்திரமாக நினைக்க முடியாமல் போய்விடும் என்று மறுத்துவிட்டார். 1677 பிப்ரவரி 21-ல் ஹேக் நகரில், வாடகை அறையில், நுரையீரல் நோயால் இறந்தார். வயது 44. கண்ணாடித் தூசி நோயை அதிகமாக்கியிருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். மாஸ்க் போடச் சொன்னால் சிரிக்கும் நண்பர்கள் கவனிக்க.

அவருடைய முக்கிய நூலான 'எதிக்ஸ்' இறந்த பிறகு, அதே ஆண்டுக் கடைசியில்தான் அச்சாகி வந்தது. அதைத் திறந்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கிறது! வரையறை, அடிகோள், தேற்றம், நிரூபணம், 'இதுவே நிரூபிக்க வேண்டியது' என்று முடிவு. கடவுள், கோபம், பொறாமை, அன்பு எல்லாவற்றையும் முக்கோணத்தையும் வட்டத்தையும் போலவே நடத்துகிறார். எனக்கு எம்-2 பேப்பர் இரண்டு தடவை போனது. ஆகவே இதில் எல்லா நிரூபணத்தையும் சரிபார்த்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

சாரம் இதுதான். கடவுளும் இயற்கையும் ஒன்றே. அதற்கு வெளியே எதுவும் இல்லை. நடப்பது ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. அந்தக் காரணத்துக்கும் ஒரு காரணம் உண்டு. மனிதன் மட்டும் இதில் தனி ராஜ்யம் நடத்தவில்லை. நாம் சுயமாக முடிவு செய்கிறோம் என்று நினைப்பதெல்லாம், முடிவு நமக்குத் தெரிகிறது, அதன் காரணம் தெரியவில்லை என்பதனால்தான். இதற்கு அவர் ஒரு கடிதத்தில் கொடுத்த உதாரணம் அப்ளைடு மெக்கானிக்ஸ் படித்தவர்களுக்குப் பிடிக்கும். எறியப்பட்ட ஒரு கல் பறந்துகொண்டிருக்கிறது. நடு வழியில் அதற்கு அறிவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் என் இஷ்டத்துக்குப் பறக்கிறேன் என்றுதான் அது நினைக்கும். எறிந்த கை அதற்குத் தெரியாது.

பார்த்தீர்களா? எபிக்டீடஸ் எந்த ஒன்றை மட்டும் நம் கையில் பத்திரமாக விட்டு வைத்தாரோ, அதையும் ஸ்பினோசா பிடுங்கிக்கொள்கிறார். அவர் எபிக்டீடஸின் ஸ்டோயிக் பள்ளிக்காரர்களைப் பெயர் சொல்லியே மறுக்கிறார். ஐந்தாம் பாகத்தின் முன்னுரையில், உணர்ச்சிகள் முழுக்க நம் சித்தத்துக்குக் கட்டுப்பட்டவை என்று அவர்கள் நினைத்தார்கள், அனுபவம் அப்படிச் சொல்லவில்லை என்கிறார். கோபப்படாதே என்று உத்தரவு போட்டால் கோபம் போகாது. ஓர் உணர்ச்சியை அதைவிட வலுவான வேறோர் உணர்ச்சியால்தான் அடக்க முடியும் என்பது அவருடைய தேற்றங்களில் ஒன்று. விசையை எதிர்விசையால்தானே நிறுத்த முடியும்? இதில் எனக்கு ஸ்பினோசாதான் சரி என்று படுகிறது. மில் வாசலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எபிக்டீடஸ் சொன்னபடி "இது என் கையில் இல்லை" என்று நூறு தடவை சொல்லிப் பார்த்தேன். எரிந்தது எரிந்தபடியேதான் இருந்தது.

கடவுள் விஷயத்திலும் இருவரும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி தெரிந்தாலும் நடுவில் பெரிய சுவர் உண்டு. இருவரும் உலகம் முழுவதையும் ஒரே ஒழுங்காகப் பார்க்கிறார்கள். ஆனால் எபிக்டீடஸின் கடவுள் தகப்பனைப் போன்றவர். நமக்கு ஒரு வேடம் கொடுத்திருக்கிறார், அதை நன்றாக நடிக்க வேண்டும். நெட்டையோ குட்டையோ, பிச்சைக்காரனோ அதிகாரியோ, வேடத்தைத் தேர்ந்தெடுப்பது அவர் வேலை. ஸ்பினோசாவின் கடவுளுக்கு நோக்கமே கிடையாது. இங்கே அவர் ஒரு கதை சொல்கிறார். கூரையிலிருந்து கல் விழுந்து ஒருவன் செத்துப்போனான். கடவுள் சித்தம்தான் என்கிறார்கள். இல்லை, காற்று அடித்தது, அவன் அந்த வழியே போனான் என்றால், ஏன் அப்போது காற்று அடித்தது, ஏன் அந்த நேரம் அவன் போனான் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். கடைசியில் நமக்குப் பதில் தெரியாத இடம் வந்ததும் 'பார்த்தாயா, கடவுள் சித்தம்' என்று முடித்துவிடுவார்கள். அறியாமை ஒதுங்குகிற இடம் அது என்கிறார். இதைப் படித்தபோது அம்மாவின் 'தலையெழுத்து' எனக்குப் புரிந்தது. அம்மாவைக் குறை சொல்லவில்லை. பெல்ட் கார்டு என்று ஒன்று உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்குத் தலையெழுத்து, தெரிந்தவர்களுக்கு நான்கு போல்ட்டு.

இதை நான் ஹாஸ்டலில் சொன்னபோது அறை நண்பன் ஒருவன் மடக்கினான். "எல்லாத்துக்கும் காரணம் இருக்குன்னா, அரியர் வெச்சதுக்கு நான் பொறுப்பு இல்லை. உங்க மில்காரரும் பொறுப்பு இல்லை. அப்புறம் என்னடா?" நல்ல கேள்வி. இரண்டு நாள் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஸ்பினோசாவிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். கெட்டவன் காரணத்தால்தான் கெட்டவனாக இருக்கிறான் என்பதால் அவன் ஆபத்தில்லாதவன் ஆகிவிட மாட்டான் என்பது அவர் பதில். நான் இதை இப்படிப் புரிந்துகொண்டேன். ஓடுகிற பெல்ட்டின் மேல் நமக்குக் கோபம் கிடையாது. அது வேண்டுமென்று விரலை எடுக்கவில்லை. ஆனாலும் கார்டு போடுகிறோம். மில்காரருக்கும் அப்படித்தான். அவரை வெறுத்து எனக்கு ஆவது ஒன்றுமில்லை. தகடு மிச்சம், நேரம் மிச்சம், யாரும் வந்து கேட்கவில்லை என்று அவருக்கும் காரணங்கள் இருந்திருக்கும். கேட்க ஆள் வந்தால் அந்தக் காரணம் மாறும். அரியர் விஷயமும் அதேதான். ஏன் போனது என்று தெரிந்துகொண்டால் அந்தத் தெரிதலும் ஒரு புதிய காரணமாகி உள்ளே நுழைந்து வேலை செய்ய ஆரம்பிக்கிறது. ஸ்பினோசா சுதந்திரம் என்று சொல்வது இதைத்தான். காரணம் இல்லாமல் இருப்பது சுதந்திரம் இல்லை, காரணத்தை அறிந்து நடப்பது சுதந்திரம். நண்பன் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. "அப்போ எபிக்டீடஸ் மாதிரி ரிசல்ட் நம்ம கையில இல்லை, படிக்கிறது மட்டும் நம்ம கையிலன்னு சொன்னாலே போதுமே" என்றான். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரிக்கு அது போதும் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

ஸ்பினோசா தன்னை மட்டும் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1670-ல் பெயர் போடாமல் ஒரு நூல் வெளியிட்டார். நினைக்கவும் பேசவும் மக்களை விட வேண்டும், அரசு இருப்பதன் நோக்கமே சுதந்திரம்தான் என்பது அதன் வாதம். 1674-ல் அதைத் தடை செய்துவிட்டார்கள். மனிதனுக்கு மனிதனைப் போல உதவியாக இருப்பது வேறெதுவும் இல்லை என்பதும் அவர் கருத்து. எபிக்டீடஸ் தனி மனிதனைப் பார்த்துப் பேசினார் என்றால், இவர் ஊரையும் சேர்த்துப் பார்த்துப் பேசினார் எனலாம்.

ஆனால் இந்த அறிவு அவருக்கே எப்போதும் உதவியதா? 1672-ல் ஹேக் நகரத்தில் யோகான் டி விட் என்ற தலைவரையும் அவருடைய அண்ணனையும் ஒரு கூட்டம் தெருவில் அடித்தே கொன்றது. ஸ்பினோசா அழுதார். கொன்றவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று அட்டை எழுதி அந்த இடத்திலேயே ஒட்டப் போகிறேன் என்று கிளம்பினார். வீட்டுக்காரர் கதவைப் பூட்டி வைத்து உயிரைக் காப்பாற்றினார். இதைத் தத்துவஞானி லைப்னிட்ஸிடம் அவரே சொல்லியிருக்கிறார். மனிதச் செயல்களைப் பார்த்து அழவும் கூடாது, வெறுக்கவும் கூடாது, புரிந்துகொள்ள வேண்டும் என்று போதித்தவர். அதேபோல எபிக்டீடஸும், எதன் மேலும் பற்று வைக்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், வயதான காலத்தில் கைவிடப்பட இருந்த ஒரு நண்பரின் குழந்தையை எடுத்து வளர்த்தார். தங்கள் தத்துவத்திலிருந்து இவர்கள் வழுக்கிய இந்த இரண்டு இடங்களில்தான் எனக்கு இருவரையும் ரொம்பப் பிடிக்கிறது.

போன தீபாவளி லீவில் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் முதல் முறையாகக் கேட்டேன். இப்போது அவர் ஒரு குடோனில் வாட்ச்மேன். "அன்னைக்கு உங்களுக்கு யார் மேலப்பா கோபம் வந்துச்சு?" அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கோபமா? அதுக்கு எங்கடா நேரம்? பெல்ட்ட நிறுத்தணும்னுதான் தோணுச்சு. சுவிட்சு அந்தக் கோடியில இருந்துச்சு. இன்னொரு ஆளு ஓடிப்போய் அமத்துனான்."

நம் லேத் ஷாப்பில் மெயின் சுவிட்ச் கதவுக்கு இடது பக்கம், டூல் அலமாரியை ஒட்டி இருக்கிறது. அலமாரிக் கதவு திறந்திருந்தால் சுவிட்ச் மறைந்துவிடுகிறது. லீவு முடிந்து வந்ததும் இன்ஸ்ட்ரக்டரிடம் சொன்னேன். அலமாரியை இரண்டடி தள்ளி வைக்க நான்கு பேர் தேவைப்பட்டோம்.